இருபதோடு முடிந்த கட்டம்

"இருபதா? நான் நாப்பத்தொண்ணு எடுத்தேன்பா!"

மகள் கத்தியதும் அப்பா சாப்பாட்டு மேசையில் ஓங்கித் தட்டினார். டம்ளர் உருண்டது.

"ஸ்கூல்ல முத்திரை குத்திக் குடுத்த அட்டை பொய் சொல்லுமா? தண்டால், பையன் இருபத்தஞ்சு, பொண்ணு இருபது. பலசாலிக்குத்தான் தீனி வேணும். அவ முட்டையையும் இவன் தட்டுல வை."

உத்தரவு அவர் மனைவிக்கு; தையல் கடையில் வேலை செய்கிறவள். பிள்ளைகள் இருவரும் இரட்டையர், வயது ஒன்பது. மகன் தலை குனிந்து முனகினான். "நான் ஒம்பதுலயே குப்புற விழுந்துட்டேன்பா."

"அடக்கத்தைப் பாரு!" அப்பா பூரித்துப்போனார்.

அட்டையின் அடியில், 'மாணவிக்கு ஓய்வு தேவை' என்று வேறு எழுதியிருந்தது. எழுதியிருந்ததே தவிர, மூன்று மாடி ஏறித் தண்ணீர் சுமக்கும் மகளின் இடுப்பிலிருந்து குடத்தை யாரும் வாங்கவில்லை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

மறுநாள் தையல்காரி இரண்டு அட்டைகளோடும் விளையாட்டு வாத்தியார் முன்னால் போய் நின்றாள்.

"நாப்பத்தொண்ணு வாஸ்தவம்தாம்மா. நானே எண்ணினேன்," என்றார் அவர். "ஆனா பொண்ணுங்க பக்கம் கட்டம் இருபதோட முடியுது. பசங்க பக்கம் இருபத்தஞ்சுலதான் ஆரம்பிக்குது. நான் எங்க போய் எழுதறது? அவளைக் கொஞ்சம் இறக்கினேன், அவனைக் கொஞ்சம் ஏத்தினேன்."

"கொஞ்சமா சார்?"

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம். உங்க பொண்ணைப் பையன்னும், பையனைப் பொண்ணுன்னும் மாத்தி எழுதிடறேன். யாருக்கும் தொந்தரவில்லை."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரப்பரைக் கையில் எடுத்தே விட்டார்.

"சார், சட்டை பத்தலைன்னா நான் தையலைப் பிரிச்சுப் பெருசாக்குவேன். புள்ளையோட கையை வெட்ட மாட்டேன்."

அவருடைய ஸ்கேலையே எடுத்து, மகளின் அட்டையில் இருபதுக்குக் கீழே இன்னும் இருபத்தோரு கட்டம் போட்டாள். கடைசிக் கட்டத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினாள். மகன் அட்டையில் இருபத்தைந்தை அடித்துவிட்டு ஒன்பது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ, இது மேலிடத்து ஃபாரம்மா!"

"அப்ப மேலிடத்துக்கே அனுப்புங்க."

அட்டைகள் போயின. கமிட்டி கூடியது. பத்து நாளில் பதில் வந்தது: 'குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, மாணவிகளின் தண்டால் இனிமேல் பதினைந்துடன் நிறுத்தப்படும். சோதனை மீண்டும் நடத்தப்படும்.'

மறு சோதனை அன்று தையல்காரி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மைதானத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறுமிகள் வரிசையாகக் கை ஊன்றினார்கள். பதினைந்து எண்ணியதும் வாத்தியார் விசில் ஊதினார்.

வாலு எழுந்திருக்கவில்லை. "பதினாறு," என்றாள்.

பக்கத்தில் முன்பல் விழுந்த ஒரு குட்டி, கை வெடவெடக்க, "பதினாறு," என்றது. அதற்கடுத்தவளும் சொன்னாள். வாத்தியார் விடாமல் ஊதினார். வரிசை முழுக்க, "பதினேழு!"

இருபத்துமூன்றில் மூச்சு வாங்கியது. வாத்தியாருக்கு.