எஞ்சினுக்காக அழ மறுத்த மெக்கானிக்

1

தப்பான நோக்கத்தோடுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன், முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் கணவர் சொகுசுக் கார் சர்வீஸ் சென்டரில் பத்தொன்பது வருடம் எஞ்சின் வேலை பார்த்தவர். மின்சாரக் கார்கள் வரத் தொடங்கியதும், அத்தானை வைத்து ஒரு சோகக் கதை தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"அணைந்த எஞ்சின்மேல் கை வைத்தபோது அவர் கண்கள்..."

இந்த வரியைப் படித்துக் காட்டியதும் அத்தான் சிரித்துவிட்டார். "நான் எதுக்குப்பா அழணும்? விட்டது சனின்னுதான் இருந்துச்சு."

2

நடந்தது இதுதான். மூன்று வருடமாக அவருக்கு இளைப்பு. புகை உறிஞ்சும் குழாய் மாட்டினாலும், காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது கொஞ்சம் புகை உள்ளேயே தங்கிவிடும். "அந்த இடத்தை விட்டு வெளிய வாங்க" என்றார் டாக்டர். வெளியே வந்தால் வேறென்ன வேலை தெரியும்? கழிவறையில் ஒளிந்து நின்று இன்ஹேலரை இழுத்துக்கொண்டார். அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

(சிலேடை தானாக விழுந்தது. எடுக்க மனமில்லை.)

3

மின்சாரக் கார்களுக்குத் தனிக் கூடம் திறந்தார்கள். தேர்வில் தேறியவர்களுக்கு அங்கே மாற்றம். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அத்தான் மட்டும் சாப்பாட்டு மேஜையில் விழுந்து விழுந்து படித்தார். தேர்வில் ரப்பர் கையுறை மாட்டி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் காட்ட வேண்டும்.

(இந்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டுவதாக எழுதியிருந்தேன். "அப்படி ஒண்ணும் ஆகலையே" என்றார். அடித்துவிட்டேன்.)

தேறினார். மூன்றாவது வாரம் அக்கா கேட்டாள்: "என்னங்க, இப்பல்லாம் நீங்க இருமறதே இல்லையே?"

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மூணு வருஷமா? என்கிட்டயா மறைச்சீங்க?"

இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் முதுகில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பெட்ரோல் கார்கள் குறைந்தபாடில்லை. மேலாளர் கூப்பிட்டார். "பழைய பக்கம் ஆள் பத்தலை. ரெண்டு மாசம் அங்க வந்துடுங்க."

முடிவு அ: தலையாட்டிவிட்டுப் போகிறார். (மூன்று வருடம் அதைத்தான் செய்தார்.)

முடிவு ஆ: வேலையைத் தூக்கி எறிகிறார். (சினிமா.)

உண்மையில் அத்தான், "சார், எனக்கு இளைப்பு. அங்க வர முடியாது" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."

மேலாளர் கழுத்தைச் சொறிந்தார். "அனுப்பித்தான் இருப்பேன். இப்ப இந்த வேலை தெரிஞ்ச ஆளை எங்க போய்த் தேடறது? இங்கயே இருங்க."

கூடத்துக்குத் திரும்பியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

5

மின்சாரக் கார் பெட்ரோல் காரை ஒழித்துவிடுமா? அத்தானையே கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? சத்தம் இல்லைன்னு ஒருத்தர் வாங்கறார். சத்தமே இல்லையேன்னு இன்னொருத்தர் திருப்பிக் கொண்டுவர்றார்."

ஆகவே அந்த முடிவு என்னிடம் இல்லை. உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும். அத்தானை மட்டும் அந்தப் புகைப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.