ஓடை வற்றிய காலை

நடைத் திருவிழாவின் இரண்டாம் நாள் காலையில், ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று ரொட்டிக்காரர் வந்து சொன்னபோது மண்டபத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டக் காரணம் இருந்தது. நாலைந்து நாளாக விட்டு விட்டு மழை. வெளியூர்க்காரர்கள் இந்தத் திருவிழாவுக்கு ஆசைப்பட்டு வருவதே ஓடை நடைக்காகத்தான். மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையாக இறங்கி, ஓடையின் குறுக்கே கிடக்கும் பெரிய கற்களில் கால் வைத்துத் தாண்டி, அக்கரை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேட்டு வழியாக ஊர் திரும்புவார்கள். தண்ணீர் கூடிவிட்டால் கற்கள் முழுகிப்போகும். அப்படிப்பட்ட வருஷங்களில் தார் ரோட்டு நடைதான். லாரிக்காரன் அடிக்கும் சேற்றை வாங்கிக்கொண்டு ஓரமாக நடந்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம், நடையை நடத்தும் அக்காவே "தார் ரோடுதான், வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன.

இப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

"கல்லெல்லாம் காஞ்சு கிடக்கு. இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்ல. செருப்புகூட நனையாது," என்றார் ரொட்டிக்காரர். விடியுமுன் ரொட்டி போட்டுவிட்டு அந்த வழியாகத்தான் அவர் சைக்கிளில் வருவார்.

மூலையில் டீ டிரம் பக்கத்தில் நின்று கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்த தங்கைதான் கேட்டாள். "மழை பெஞ்சுகிட்டேதானே இருக்கு. தண்ணி எப்படிக்கா குறையும்?"

"உனக்குக் குறைஞ்சாலும் குறை, கூடினாலும் குறை."

"இல்லக்கா. நேத்து கடையில குழாய்ல வந்த தண்ணி டீ மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் காலையில திறந்தா வெறும் காத்து. அதுவும் ஓடைத் தண்ணிதானே."

தங்கை சலவைக்கடையில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் மேசைத் துணிகளும் அங்கேதான் வரும். முந்தின நாள் வெள்ளையாகப் போட்ட விரிப்புகள் மெஷினிலிருந்து பழுப்பாக வெளியே வந்தன. முகர்ந்து பார்த்தால் சோப்பையும் மீறி மண்வாடை. கடை முதலாளி, "ஆஸ்பத்திரிக்காரன் நோயாளியைப் புதைச்சு எடுத்துட்டாங்கன்னு நினைக்கப் போறான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் முறை போட்டும் மண்வாடை போகவில்லை. அவள் கையிலும் அந்த வாடை இருந்தது.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். எங்கேயோ குழாய் உடைந்திருக்கும், அதனால்தான் மண் கலந்து வந்திருக்கிறது, இப்போது அடைத்திருப்பார்கள். இன்னொருவர், மழை நம் ஊரில்தான், மேலே வெயிலாக இருக்கும் என்றார். ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாமே நம்பும்படியாகவும் இருந்தன. அந்த அறையில் ஈரக்குடைகளுக்கும் டீ ஆவிக்கும் நடுவே, சந்தோஷமாக இருக்கும் அத்தனை பேருக்கு எதிரே நின்று, ஏன் என்று தெரியாத ஒரு பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அவளும் டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. அவள் புருஷன் செத்துப்போனான், தங்கைக்குப் புருஷன் இருந்தும் இல்லை. அதனால் சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நாளுக்கு ஒரு சண்டை என்று நிம்மதியாக இருந்தார்கள். நடையில் அக்கா தலை. தங்கை, கையில் சிவப்புத் துணி அடையாளத்தோடு, வால். கடைசி ஆளுக்கும் பின்னால், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வருகிற வேலை. ஊரே அவளை வால் என்றுதான் கூப்பிட்டது. சலவைக்கடை ரசீதிலேயே சிலர் அப்படி எழுதினார்கள்.

"வால் எந்தக் காரணத்துக்காகவும் முன்னால வரக் கூடாது. நீ வந்துட்டா, பின்னால யாரும் இல்லன்னு நான் நினைச்சுக்குவேன்," என்று அக்கா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

"ஒவ்வொரு வருஷமும் சொல்றதுக்கு ஒரு பலகையில எழுதி என் கழுத்துல மாட்டிடு."

"பலகை வாங்கக் காசு இருந்தா உன்னை ஏன் வச்சுக்கப் போறேன்?"

வரிசை புறப்பட்டது. தூறல் நின்றிருந்தது.

சரிவுப் பாதை ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தலைக்கும் வாலுக்கும் நடுவே வளைவுகள் இருப்பதால், சேதி சொல்ல வேண்டுமென்றால் வாய் வழியாகத்தான். முன்னால் இருப்பவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, அப்படியே போகும். அதில் ஒரு குஷியும் உண்டு. யாரோ ஒருவருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டும் என்கிற சேதி, அந்த வரிசையின் எல்லா வாயிலும் ஏறி இறங்கித்தான் அக்காவிடம் போய்ச் சேரும். அந்த ஆள் வெட்கத்தில் மறுநாள் வரமாட்டார்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவர் நகரத்திலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர். நடைக்கென்றே புது பூட்ஸ் வாங்கியிருந்தார். பாதி வழியிலேயே அது கடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் மனைவி முன்னால் நடந்துகொண்டே திரும்பாமல் பேசினாள்.

"கடையிலேயே சொன்னேன், ஒரு வாரம் வீட்டுக்குள்ள போட்டு நடங்கன்னு. அய்யாவுக்கு மானம் போயிடும்."

"வீட்டுக்குள்ள பூட்ஸ் போட்டு நடந்தா, நீ மட்டும் சும்மா விட்டிருப்பியா?"

வால் சிரித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வளைவு தாண்டியதும் சிரிப்பு நின்றது.

அந்த வளைவில்தான் எப்போதும் ஓடையின் சத்தம் முதலில் கேட்கும். சின்ன வயதில் அங்கே வந்ததும் அக்கா, "கேக்குதா, யாரோ உன்னைத் திட்டுறாங்க" என்பாள். இன்று சத்தம் இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. இலைகளிலிருந்து சொட்டும் நீர்தான் கேட்டது.

"ஆறு இருக்குன்னு சொன்னீங்களே, எங்கம்மா?" என்றாள் பூட்ஸ்காரரின் மனைவி.

"ஓடை. கீழ இருக்கு."

கீழே பார்த்தாள். பள்ளத்தில் ஓடை இருந்த இடத்தில் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. குட்டைகளில் ஏதோ மினுங்கியது. மீன்கள். முன்னால் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, "கையாலேயே பிடிக்கலாம்" என்று யாரோ சிரிப்பது கேட்டது. மீன்கள் துள்ளவில்லை. பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பூட்ஸ்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நிமிஷம்மா, உள்ள கல்லு." அவர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் மேகம் விலகியது. அவள் எதேச்சையாக மேலே பார்த்தாள். மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் மேல்மலை தெரிந்தது. அந்த ஒரு இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரியும். மற்றவர்கள் எல்லாம் காலடியைப் பார்த்தபடி அதைக் கடந்து போயிருந்தார்கள்.

மலையின் ஒரு பக்கத்தில் காடு இல்லை. உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை, தோலை உரித்த மாதிரி சிவப்பாக மண் தெரிந்தது. மரங்கள் வேரோடு சரிந்து, பள்ளத்தாக்கின் வாயில் மண்ணும் பாறையுமாகக் குவிந்திருந்தன. அந்தக் குவியலுக்குப் பின்னால், அவள் பிறந்ததிலிருந்து பார்த்தறியாத ஒரு ஏரி தளும்பி நின்றது. அதன் விளிம்பிலிருந்து பழுப்பாக ஒரு கயிறு போல ஏதோ வழிய ஆரம்பித்திருந்தது.

தண்ணீர் எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கத்தினாள். வளைவுகள் அந்தக் கத்தலை வாங்கி வைத்துக்கொண்டன. முன்னால், கொஞ்ச தூரத்தில் தையல்காரர் போய்க்கொண்டிருந்தார். அவரை எட்டிப் பிடித்துச் சொன்னாள்.

"அண்ணே, அக்காகிட்ட உடனே சொல்லி அனுப்புங்க. மேல மலை சரிஞ்சு தண்ணியை அடைச்சிருக்கு. உடையப் போகுது. யாரும் ஓடையில இறங்க வேண்டாம், எல்லாரும் மேட்டுல ஏறணும்."

தையல்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், பதறாதவர். "பயப்படாதம்மா, சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவருடைய குரல் அடுத்தவரிடம் பேசுவது கேட்டது. "மேல ஏதோ மண் சரிஞ்சிருக்காம். பதறாதீங்க. ஓடைகிட்ட நிக்கச் சொல்லுது வால்."

"இல்லண்ணே, நிக்கக் கூடாது" என்று அவள் கூவியபோது அவர் வளைவைத் தாண்டியிருந்தார்.

அவள் ஓடியிருக்கலாம். ஆனால் பின்னால் ஒற்றைக் காலில் பூட்ஸும் ஒரு கையில் பூட்ஸுமாக ஒரு மனிதரும், அவரைத் தூக்கிவிட முடியாத ஒரு பெண்ணும் இருந்தார்கள். பாதைக்கு மேலே பாறையில் ஏற ஒரு பிளவு இருந்தது. அவர் கையை முன்னாலிருந்து இழுத்தாள். மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். "அந்தப் பூட்ஸைத் தூக்கி எறிங்க" என்று மனைவி முதன்முறையாக அழுகிற குரலில் சொன்னாள். இருவரையும் மேலே உட்காரவைத்து, என்ன நடந்தாலும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வால் முன்னால் ஓடினாள்.

பாதையில் யாரும் இல்லை. எல்லோரும் ஓடையைத் தாண்டியிருந்தார்கள். அக்கரை மரத்தடியில் சிலர் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிப்பது தெரிந்தது. தையல்காரரும் வேறு சிலரும் அதற்கும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஓடையின் நடுக்கல்லில் அக்கா நின்றாள். ஒவ்வொரு வருஷமும் அவள் நிற்கிற இடம் அது. தாண்டுகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியாக வாலுக்குக் கை கொடுத்து, இருவரும் சேர்ந்துதான் கரையேறுவார்கள்.

"என்னடி, நடந்து வந்தியா தவழ்ந்து வந்தியா?" என்றாள் அக்கா. கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பக்கம் போக்கா. ஏறு. ஏறுக்கா."

அக்கா காதில் கை வைத்துக் காட்டினாள். கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் சத்தம் வந்துவிட்டது. முதலில் அது சத்தமாக இல்லை. காலுக்குக் கீழே பாறை நடுங்கியது. பிறகு மேலே மரங்கள் ஒவ்வொன்றாக முறியும் ஒலி, கிட்டே, இன்னும் கிட்டே. காற்று அந்த மண்வாடையை முகத்தில் அறைந்தது.

அக்கா திரும்பி மேலே பார்த்தாள். அக்கரை அவளுக்குப் பக்கம். இக்கரைதான் தூரம். அவள் தங்கையைப் பார்த்தாள், தங்கை நின்ற தாழ்வான இடத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை சாலையில் ஓடினால் வேனை நிறுத்திவிட்டு இறங்கிப் பாய்வாளே, அதேபோல் இக்கரை நோக்கிக் கற்களில் பாய்ந்து வந்தாள். "மேல போடி, மேல போ" என்று அவள் வாய் அசைவது தெரிந்தது. தங்கை பின்னால் நகர்ந்து வேரைப் பிடித்து ஏறினாள். ஏறியதே அந்த வாயசைப்புக்குக் கீழ்ப்படிந்துதான். திரும்பியபோது கற்கள் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் போய்க்கொண்டிருந்தது, முழு மரங்களைச் சுமந்துகொண்டு, வெகு நேரம்.

அக்காவை ஊருக்குக் கீழே பாலத்தடியில் எடுத்தார்கள். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்ககிட்ட என்ன சொன்னாங்க? நீங்க என்ன சொன்னீங்க?" யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அவர்களும் மறைக்கவில்லை. தையல்காரர் பயப்படுத்த வேண்டாமே என்று உடைப்பை விட்டுவிட்டார். சேதிதான் முன்னால் போய்விட்டதே என்று, அக்கா கை கொடுத்துத் தாண்டும்போதும் அவளிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் போனவர், சின்னப் பிள்ளைகள் கூட வருகிறார்களே என்று மண்சரிவை விட்டுவிட்டார். ஓடைகிட்ட நிக்கணுமாம் என்று ஒருவர். எதுக்கு நிக்கணும் என்று அடுத்தவர் கேட்க, வால் இன்னும் வரலையே, அதுக்காகத்தான் இருக்கும் என்று ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு பிடி பயத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை முன்னால் நீட்டியிருந்தார்கள்.

ரொட்டிக்காரர் மட்டும் வரவில்லை. வரிசையில் அக்காவுக்கு அடுத்து நின்றவர் அவர்தான். ரொட்டியை யார் கையிலாவது கொடுத்துவிடுவார், வாசலுக்கு வரமாட்டார். கடைசியில் ஒரு நாள், சலவைக்கடை மூடும் நேரத்தில், சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். இஸ்திரி மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் டீ வாங்கிவரச் செய்தாள்.

"வாலுக்காகக் காத்திருக்கணுமாம்," என்றார் அவர், டீயைத் தொடாமல். "என்கிட்ட வந்தது அதுதாம்மா. நான் அதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"அக்கா என்ன சொன்னா?"

"'அவ என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கா, நான் நிக்கிறேன், நீங்க போய்ச் சாப்பாட்டைப் பிரிங்க'ன்னாங்க."

இஸ்திரிப்பெட்டி சூடாறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு விரிப்பை எடுத்து ஓரம் சேர்த்து மடித்தாள்.

"நீ என்னம்மா சொல்லி அனுப்பின?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். அதைக் கேட்கப் பயந்துதான் அவர் இவ்வளவு நாள் வராமல் இருந்திருக்கிறார்.

அவள் மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தாள்.

"அதையேதாண்ணே," என்றாள். "காத்திருக்கத்தான் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.