மேற்குச் சுவரின் பலகைகள்

தச்சர் ஏணியில் நின்றுகொண்டு, மேற்குப் பக்க மரப்பலகைச் சுவரில் இருந்த மாடி ஜன்னலின் கீழ்ச்சட்டத்தைத் திருப்புளியால் குத்தினார். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"ரஸ்க்கு மாதிரி உதிருதும்மா."

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு முட்டியும் விண்விண்ணென்று தெறித்தன. அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன். அதற்கென்று ஒதுக்கிய பணம் பாங்கில் இருந்தது. வீட்டில் வேறு சேமிப்பு இல்லை.

"போன்ல ஒரு ஜன்னல்னுதானே தம்பி சொன்னீங்க?"

"ஜன்னலோட நிக்கலையே. அதுக்குக் கீழ சுவர்ப் பலகை மூணும் இத்துப் போச்சு. இந்த உயரத்துக்கு ஏணி பத்தாது, சாரம் கட்டணும். மரம் ஈரமா இருக்கு, பத்து நாள் காயவிடணும். அந்தப் பத்து நாளும் சாரத்துக்கு வாடகை ஓடும். இந்த அகலத்துல பலகை கடையில வர்றதில்ல, தனியா அறுத்து இழைக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மாடி அறைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "வருஷா வருஷம் நான் பட்டி வச்சு பெயின்ட் அடிக்கிற ஜன்னலாச்சே! அதுவா இத்துப் போச்சு? நல்லாப் பாக்கச் சொல்லு."

தச்சர் நான்கு படி இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "சட்டத்துக்கு அடியில மழைத்தண்ணி வடிய நாலு ஓட்டை வச்சிருக்காங்கம்மா. நாலையும் யாரோ பட்டி வச்சு அடைச்சிருக்காங்க. அதுவும் ஏனோதானோன்னு இல்ல, வழவழன்னு தேய்ச்சு. தண்ணிக்குப் போக வழியில்ல. மரத்துக்குள்ளயே இறங்கிடுச்சு."

"எறும்பு வருதுன்னு அவர்தான் அடைச்சாரு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றார் மேலேயிருந்து.

நான் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன்.

"வேற எங்கெல்லாம் அடைச்சீங்க?" என்று கேட்டேன்.

"கிழக்குப் பக்கமும்... போன வருஷம்."

தச்சர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்க் குத்திப் பார்த்தார். திருப்புளி இறங்கவில்லை. "இந்தப் பக்கம் மழை அடிக்காது, தப்பிச்சீங்க," என்றார். பிறகு மொத்தத் தொகையைச் சொன்னார். ஆபரேஷன் பணம் அப்படியே அதற்குச் சரியாகப் போகும்.

"ஒரு தகரத்தை அடிச்சு மூடச் சொல்லு," என்றார் இவர். "நீ தேதியை மாத்தாதே."

"மூடினா உள்ள பூஞ்சை சொகமா வளரும் ஐயா. மழைக்கு முன்னாடி முடிச்சா இந்தச் செலவு. விட்டா உள்ள இருக்கிற தூணுக்குப் போயிடும். அப்புறம் சுவரையே பிரிக்கணும்."

இருவரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். உட்காருவதற்கே அத்தனை நேரம் பிடித்தது.

"முட்டி இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். சாரம் எப்பக் கொண்டு வர்றீங்க?"

"திங்கக்கிழமை."

தச்சர் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பத்தாம் தேதி வர முடியாது என்றேன். "அடுத்த தேதி போடட்டுமா?" என்று போனை எடுத்த பெண் கேட்டாள். "ஆறு மாசம் கழிச்சுப் போடும்மா," என்றேன்.

இவர் மெதுவாகப் படியிறங்கி வந்து எதிரே நின்றார். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"எல்லாம் என்னாலதான்."

"வேற யாரால?"

"இனிமே நீ படி ஏற வேணாம். கட்டிலைக் கீழ இறக்கிடலாம்."

"யாரு தூக்குறது, நீங்களா, நானா?"

"சாரம் கட்ட ஆள் வருவாங்கல்ல, அவங்களைக் கேப்போம்."

"கேளுங்க. அதுக்கும் ஒரு கூலி சொல்லுவாங்க."