ஆறாவது வரி

குச்சியின் முனை ஏழாவது வரியில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஆறாவது வரியைப் படித்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, வரிவரியாகத் தொட்டுக் காட்டுவதுதான் அவள் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் குச்சி அக்கா. இன்று நாற்காலியில் இருந்தவர் அவளுடைய கணவர். முன்னறையில் போன் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் கை ஒரு வரி வழுக்கிவிட்டது. அவர் பாட்டுக்கு, "என், எச், சி, ஓ, கே" என்று தங்குதடையில்லாமல் சொன்னார். அந்த எழுத்துகள் பலகையில் இருந்தன, ஆனால் குச்சிக்கு ஒரு வரி மேலே.

கண்ணைச் சோதித்துச் சான்று எழுதும் முதலாளி தலையை நிமிர்த்தவே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பலகை அவருக்கும் மனப்பாடம். காதுக்கு வரவேண்டிய எழுத்துகள் வரவேண்டிய வரிசையில் வந்துவிட்டால் அவருக்குப் போதும்.

"உன் வீட்டுக்காரருக்குக் கழுகுக் கண்ணும்மா" என்றபடி சான்றில் முத்திரையைக் குத்தினார். ஸ்கூல் வேன் ஓட்ட இன்னும் ஒரு வருஷத்துக்கு அனுமதி.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் பார்த்துடலாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  கணவர் எழுந்து, கதவின் பிடியை ஒருமுறை தவறவிட்டு, அடுத்த முறை பிடித்து வெளியே போனார்.

எல்லாம் அவள் செய்த வேலைதான். கடைக்கு விளக்கு எரியும் புதுப் பலகை வந்தபோது, பழைய தாள் பலகையைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புதுசிலும் பழசிலும் அதே எழுத்துகள், அதே வரிசை. சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தாள். மொத்தப் பலகையிலும் பத்தே எழுத்துகள், திரும்பத் திரும்ப. அதில் உயிரெழுத்து என்று பார்த்தால் ஓ ஒன்றுதான். அந்தப் பத்தை வைத்து இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை செய்யலாம் என்று ஒருநாள் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு தினசரி வழக்கமாகிவிட்டது. அவள் அடுப்படியில் நிற்க, அவர் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார, ராக், டோர், ஷாக், ஹுக் என்று மாறி மாறிச் சொல்வார்கள். வார்த்தை கிடைக்காமல் முழிக்கிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஹார்ன் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. ஆனால் எவ்வளவு முட்டினாலும் ரோடு மட்டும் வரவில்லை. அதற்கு ஓர் ஏ வேண்டும்.

"டிரைவருக்கு ஹார்னைக் குடுத்துட்டு ரோட்டைக் குடுக்காம விட்டுட்டாரே உங்க முதலாளி" என்று சிரிப்பார்.

கண்ணில் வெளிச்சம் இருந்த நாளில் பார்த்துப் பார்த்து மனசில் ஏறிய வரிகள். இன்றைக்கு அவை அவரைக் காப்பாற்றிவிட்டன. காப்பாற்றின என்று சொல்வதா, வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளாகவே டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார். போனில் செய்தி வந்தால், "கண்ணு எரியுது, நீயே படி" என்கிறார். காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வண்டியை எடுத்துவிடுகிறார். பொறுப்பான மனுஷன் என்று அவள் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாளே, அந்தச் சீக்கிரம் மெதுவாக ஓட்டுவதற்காக என்று இப்போதுதான் உறைத்தது.  அந்த வேனில் மடிமேல் மடியாக உட்கார்ந்து போவது ஊரார் பெற்ற பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் ஒரு தினுசாக ஹார்ன் அடிப்பார். ஹார்ன் மாமா என்றுதான் அவை கூப்பிடும். வேனை விடச் சொன்னால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தபோதே, "ஸ்டியரிங் இல்லாம இந்தக் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல" என்று புலம்பிய ஆள்.

சாயங்காலம் செருப்பு டப்பாவிலிருந்து ஓர் அட்டையை வெட்டினாள். ஒரு பக்கத்தில் டோர் என்று, பலகையின் ஆறாவது வரி அளவுக்கு, கறுப்பு மையில் எழுதினாள். வீட்டு நடையின் ஒரு கோடியில் அவரை உட்காரவைத்து மறுகோடியில் போய் நின்றாள்.

"இன்னைக்குப் புது ஆட்டம். நான் காட்டுறதை நீங்க படிக்கணும்."

"பாத்திரம் கழுவ ஆள் தேடுறியாக்கும்."

அட்டையைத் தூக்கும்போது, அவளே நினைத்திராத ஒன்றைச் செய்தாள். எழுத்து இருந்த பக்கத்தைத் தன் நெஞ்சோடு வைத்து, வெறும் பக்கத்தை அவருக்குக் காட்டினாள்.

அவர் கண்ணை இடுக்கினார். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார்.

"ஹார்ன்" என்றார். "சரியா?"

"சரி" என்றாள். பாத்திரங்களையும் அவளே கழுவினாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதாள்.

காலையில் அவர் குளித்து, சட்டை மாட்டி, முத்திரை குத்திய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவி மாட்டும் ஆணியிடம் வந்தார். விரல்கள் ஆணியைத் தடவின. பிறகு ஆணியைச் சுற்றியுள்ள சுவரைத் தடவின. சாவி அவளுடைய உள்ளங்கையில் இருந்தது. மூன்றடி தள்ளி நின்றவள், கையை விரித்தே வைத்திருந்தாள். பார்த்துவிட மாட்டாரா என்று அந்தக் கடைசி நிமிஷத்திலும் ஓர் ஆசை.

"சாவியைப் பாத்தியா?"

 அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே அவர் கேட்டார்.

"நேத்து அந்த அட்டையில ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?"

"யார் சொன்னா?"

"நீ சரின்னு சொன்ன பாரு, அந்தக் குரல் சொல்லுச்சு." வெறும் ஆணியை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்ன?"

"நீங்க தெரியலன்னு ஏன் சொல்லல?"

வெளியே எங்கோ ஒரு கேட் திறந்தது. சின்னச் செருப்புகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. வேனின் தகரத்தை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். ஹார்ன் மாமா, ஹார்ன் மாமா என்று ஒரு குரல் கூப்பிட்டது.

"இன்னைக்கு மட்டும் போயிட்டு வந்துடுறேன்" என்றார் மெதுவாக. "புள்ளைங்க வந்து நிக்குது பாரு. சாயங்காலம் நீ என்ன சொல்றியோ கேக்குறேன். குடு."

அவள் விரல்களை மூடிக்கொண்டாள். சாவியின் பற்கள் சதையில் அழுந்தின.

அவர் கையை நீட்டினார். அவள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, யாருமே இல்லாத பக்கமாக, அது விரிந்தபடி காத்திருந்தது.