வைட்டமின் ஈ, வீட்டு உபயோகத்துக்கு

என் மருந்துக்கடைக்கு வைட்டமின் ஈ கேட்டு வந்தவர் யாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. முகம் பளபளக்கும், முடி கொட்டாது என்று யாராவது செல்போனில் அளந்துவிட்டிருப்பார்கள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" இதுதான் என் முதல் கேள்வி. "கடலை, பாதாம், சூரியகாந்தி எண்ணெய், இதுலயே தேவையானது கிடைச்சிடும். குறைபாடுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா வாங்க" என்று விரட்டுவேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தொலைந்தார். "ரெண்டும் சேர்ந்தா ரத்தம் நிக்காதுங்க! உயிர் மேல ஆசை இல்லையா?" தெருவில் எனக்கு 'அரை டாக்டர்' என்று பட்டப்பெயர். எனக்கு அதில் பெருமைதான்.

இப்படி விரட்டினால் சரக்கு எங்கே விற்கும்? காலாவதி நெருங்கிய டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் எண்ணெயை முகத்தில் தேய்த்துக்கொள்வேன். மிச்சம் குளியலறை அலமாரியில் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அவருக்கும் தினமும் மாத்திரை. நானேதான் எடுத்துக் கையில் கொடுப்பேன். அவர் இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் அவர் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது.

"எங்க போய் முட்டிக்கிட்டீங்க?"

"தெரியலையே."

அடுத்த வாரம் தொடையில். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பிரேக் போடுகிற லட்சணம் அப்படி என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். கடையில் யாராவது அப்படி ஒரு கையைக் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கப் போனவர் அரைமணி நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. வாயில் பஞ்சைத் திணித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். உறைவதற்கு ஆகும் நேரம் தாறுமாறாகக் கூடியிருந்தது. மாத்திரையின் அளவை நான் பிசகாமல் சொன்னேன். டாக்டர் நம்பாமல் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

வாயில் பஞ்சோடு அவர் சொன்னார்: "மாத்திரை ஒண்ணுமில்ல. வீட்ல வீணாப் போற வைட்டமின் ஈ தான். காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒன்றரை மாசமா."

"என்கிட்ட ஏங்க சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"நீ கேக்கலையேம்மா. வெளியில வாங்கினா பயந்திருப்பேன். நீ கொண்டுவந்து வச்சதுதானே, கெடுதல் இருக்காதுன்னு நம்பினேன்."



"நல்ல வேளை, ஈறோட நின்னுது. மூளையில கசிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, படிக்காதவளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அம்மா, வைட்டமினா இருந்தாலும் சும்மா விழுங்கக் கூடாது. பக்கத்துல ஏதாவது மருந்துக்கடை இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

"சரிங்க டாக்டர், கேட்டுக்கிறேன்" என்றேன்.