லைல் டெஸ்மரின் முதுகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆரம்பித்தது. போன மாதம் கதவுக்குக் கீல் வாங்கப் போயிருந்தேன். பெயிண்ட் டப்பாக்கள் இருந்த வரிசையில், கடைச் சிப்பந்திகளின் சிவப்பு ஏப்ரன் கட்டிய ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து டப்பா அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த முதுகை எனக்குத் தெரியும். கீலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வெளியே ஓடிவந்து, காருக்குள் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்.

அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு பேஸ்பால் மைதானத்தில்...

(அடித்துவிட்டேன். சோளத்துக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

பதினான்கு வருடம், பதினோரு ஊர், பதினோரு அணி. பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆடாத லைல் டெஸ்மர்...

(இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஆள் உயிரோடு பெயிண்ட் விற்றுக்கொண்டிருக்கிறான்.)

2

லைல் ஒரு கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பது அவன் வேலை. அவனுக்கும் பின்னால் நீலச்சட்டையில் குனிந்து நின்று, பந்து சரியாக வந்தால் 'ஸ்ட்ரைக்' என்று கத்தும் அம்பயர் நான். சின்ன லீகில் ஆறு கோடைகாலம் அப்படி நின்றேன். அதனால் பாத்திரப் படைப்பில் ஒரு கோளாறு: அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. எப்போதும் முகமூடி. ஆட்டக்காரர்களோடு பழக எங்களுக்கு அனுமதி இல்லை. கேட்சரும் அம்பயரைத் திரும்பிப் பார்த்துப் பேச மாட்டான். பேசினால் சண்டை என்று கூட்டம் ஊளையிடும். நான் பேசியதெல்லாம் அவன் பின்னங்கழுத்தோடுதான்.

"என்ன நீலச்சட்டை, அது ஸ்ட்ரைக் இல்லையா? கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

"வாய மூடிட்டுப் பந்தப் பிடிடா."

"அதத்தான பதினாலு வருஷமா பண்ணிட்டிருக்கேன்."

(போன பிரதியில் அவனுக்கு ஒரு மனைவியும் நொண்டி நாயும் கொடுத்திருந்தேன். பிடுங்கிக்கொண்டேன். அவனிடமிருந்து ஏற்கெனவே எடுத்தது போதாதா என்று கேட்காதீர்கள். அதற்கும் வருகிறேன்.)

3

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பந்து அம்பயர்மேல் பட்டுவிட்டால், கேட்சர் எழுந்து பிட்சரிடம் நடந்துபோய் எதையாவது பேசுவான். அம்பயர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கேட்சர்மேல் பட்டால், அம்பயர் தரையில் பதித்த பிளேட்டைக் குனிந்து துடைப்பான், அது பளிச்சென்று இருந்தாலும். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

4

ஜூலை மாதம், ஞாயிறு மதியம். கூட்டத்தில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார்கள். ஒருவர் பெரிய லீக் அணியிலிருந்து வந்தவர். அவர்களுக்கு உடனே ஒரு கேட்சர் வேண்டும். லைல், இல்லையென்றால் இன்னொருவன். லைலுக்கு முப்பத்து மூன்று வயது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. மற்றவர் அம்பயர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர். என்னைப் பார்க்க வந்திருந்தார்.

ஏழாவது இன்னிங்ஸில் மட்டையில் உரசிய பந்து என் முகமூடியில் இடித்தது. காதுக்குள் மணி அடித்தது. லைல் எழுந்து பிட்சரிடம் போனான். (மழையில் கெளுத்தி மீன் கடிக்குமா என்று கேட்டானாம். பிட்சர் பிறகு சொன்னான்.) திரும்பி வந்து குந்தியதும், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரல்களைக் காட்டினான்.

"எத்தனை?"

"ரெண்டு."

கையை மெல்ல இழுத்துக்கொண்டான். "சரி, நில்லு. பாத்துக்கலாம்."

எத்தனை காட்டினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பந்திலேயே எதிரணிக்காரன் ஒருவன் பிளேட்டை நோக்கிப் பாய்ந்து சறுக்கினான்; அவன் அதை எட்டுமுன் லைல் பந்தோடு அவனைத் தொட்டால் அவுட். லைல் பந்தை வாங்கி அவன்மேல் விழுந்தான். புழுதி. எனக்குக் கால்கள் நான்கு நான்காகத் தெரிந்தன. கையை விரித்துவிட்டேன்: அவுட் இல்லை. லைலின் பயிற்சியாளர் ஆர்வின் பாய்ந்து வந்தார்.

"யோவ், குருடா! தொடைலயே வச்சு அழுத்தினான்யா!"

லைல் அவரை மார்பில் கை வைத்துத் தடுத்தான். "விடுங்க கோச். நான் தொடல. நீலச்சட்டை சொன்னதுதான் சரி."

இரண்டு நோட்டுப் புத்தகத்திலும் அதுவே ஏறியது. இன்னொருவனைக் கூட்டிப்போனார்கள். அந்த வாரமே லைலை அணியிலிருந்து எடுத்தார்கள். மறுவருடம் நான் பெரிய லீகுக்குப் போனேன்.

5

முடிவு ஒன்று: அவன் உண்மையாகவே தொடவில்லை. (பதினோரு வருடம் இதை வைத்துத்தான் தூங்கினேன்.)

முடிவு இரண்டு: தொட்டான். எனக்காகப் பொய் சொன்னான். (இதை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன்.)

முடிவு மூன்று: நான் மறுபடி கடைக்குப் போய் அவன் தோளைத் தொடுகிறேன். அவன் திரும்புகிறான். அவன் முகம்...

என்னால் முடியவில்லை. நான் கோழை. நீங்கள் போங்கள். கடை எட்டு மணிக்குத் திறக்கும், பெயிண்ட் வரிசை கடைசியில். பின்னால் நின்று "தொட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் எதுவானாலும் எனக்குச் சொல்லுங்கள். அவனுக்கு முட்டி போயிருக்கும், எழுந்து நிற்க நேரமாகும். அதுவரை அவனைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் டப்பா ஒன்றை எடுத்து, அது சுத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகத் துடைத்துக்கொண்டிருங்கள்.