இரண்டு மழை உள்ள ஆறு

ஐரோப்பாவின் தகவல் ஐரோப்பாவிலேயே இருக்க வேண்டும் என்று மூன்று வருடமாக உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தவள் நான்தான். பாளையங்கோட்டையில் இருந்து. அதுவும் மதியம் மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு, கண் பாதி செருகிய நிலையில்.

ஐரோப்பாவில் ஒரு மென்பொருள் கம்பெனி. அவர்கள் பேரில் இணையத்தில் வருகிற பதிவுகளை எழுதுவது என் வேலை; என் பேர் எங்கேயும் வராது. அவர்களுக்கு வேலை தொடங்கும்போது எனக்கு மதிய மயக்கம் தொடங்கும். மேலாளர் பாஸ்டியன், 'தொழில்நுட்ப இறையாண்மை' என்று தலைப்பு அனுப்புவார். அடுத்தவன் இயந்திரத்தை நம்பிப் பிழைக்கக் கூடாது, நம் செய்தி நம் மண்ணைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். வாயில் நுழையாத அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்து கிடப்பேன்.

ஒருநாள் அப்படிச் சாய்ந்தபோது ஆறு வந்தது. அவர்கள் ஊர்த் தெருக்களுக்கு நடுவே, மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. கோட்டுப் போட்டவர்கள் படித்துறையில் உட்கார்ந்து கால் நனைத்தார்கள். கல்லில் வெயிலின் சூடு இருந்தது. விழித்தும் விழிக்காமலும் எழுதினேன்: 'தன் மலையில் பிறந்து, அந்நிய மண்ணைத் தொடாமல், தன் கடலிலேயே சேருகிற ஆறு ஒன்று உண்டு. வருடத்துக்கு இரண்டு மழை அதற்கு. யாரிடமும் அது தண்ணீர் கேட்டதில்லை. நம் தகவலும் அப்படி ஓடட்டும்.'

அந்தப் பதிவு பிய்த்துக்கொண்டு போனது. கம்பெனிச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதிவைத்தார்கள்.

இந்த வருடம் அவர்கள் சொந்தமாக ஒரு செயற்கை நுண்ணறிவை வளர்த்தார்கள். 'எங்கள் ஒவ்வொரு சொல்லும் ஐரோப்பாவில் பிறந்தது' என்று அதற்கு ஒரு முழக்கம். அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வாரமே ஆற்றுப் பதிவின் கீழே எல்சா என்ற அம்மாள் ஒரு கேள்வி போட்டாள். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவளாம். ஐரோப்பாவில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஆறு எது, போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எழுதியது எங்கள் ஆற்றை: ஆடியில் மலைக்கு ஒரு மழை, ஐப்பசியில் ஊருக்கு ஒரு மழை. உலகத்து ஆறுகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்று மயக்கத்தில் நினைத்திருக்கிறேன்.

பாஸ்டியன் போனில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அது கற்பனை ஆறு என்று சாயங்காலத்துக்குள் ஒரு வரி போட்டுவிடச் சொன்னார். போட்டால் அடுத்த வருடமும் எனக்கு வேலை உண்டு. ஆறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எழுதியவள் எங்கே இருக்கிறாள் என்றும் தெரிந்துவிடும், அப்புறம் தன் கையில் இல்லை என்றார்.

என் வீட்டுக்காரர் ஜோஷுவா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கற்பனைன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயேம்ளா. ஆறு வந்து கேக்கவா போவுது?"

கேட்காதுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு, கொக்கிரகுளம் படித்துறைக்குப் போனேன். கீழ்ப்படியில் உட்கார்ந்து காலை விட்டேன். தண்ணீர் என்னைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரை வெயிலில் மங்கி, பாலமும் மங்கி, கோட்டுப் போட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. போனில் 'இது கற்பனை' என்று அடித்தேன். காலுக்குக் கீழே ஓடுவதை இல்லை என்று மறுதலிக்க விரல் வரவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பேரை விழுங்கினீர்கள், சரி. இதையுமா?

அழித்துவிட்டு எழுதினேன்: 'தாமிரபரணி. திருநெல்வேலியில் ஓடுகிறது. இதை எழுதிய நான் அதன் கரையில்தான் இருக்கிறேன். வாருங்கள். ரீபா.'

பதில் பதினோரு நிமிடம்தான் அங்கே இருந்தது. பிறகு அந்தப் பதிலும் இல்லை, கம்பெனிக்குள் நுழைகிற என் கடவுச்சொல்லும் இல்லை. பாஸ்டியன் இரண்டு வரியில் மரியாதையாக வாழ்த்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, ஜோஷுவாவுக்குப் பள்ளி லீவாக இருந்த ஒரு மதியம், பழக்க தோஷத்தில், சோறு தின்ற கையோடு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். புதுப் பதிவு. மனிதக் கை படாமல், அந்த மண்ணின் இயந்திரமே எழுதியது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். என் மூன்று வருடத்து எழுத்தைத்தான் அதற்கு ஊட்டியிருக்கிறார்கள் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்தது: 'இரண்டாம் மழை முடிந்து ஆறு தெளிகிறது. படித்துறைக் கல் இன்னும் சூடாக இருக்கிறது.'

ஜோஷுவாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உன் ஆத்தையும் கொண்டு போயிட்டானுவளே," என்றார் பைய.

எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைக் கீழே தள்ளினேன். முதல் ஆளாக எல்சா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

தாமிரபரணி.

அதை இன்னும் யாரும் நீக்கவில்லை.